தலாக், குலா, ஃபஸ்கு: ஜமாஅத் கடிதம் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஜமாஅத்தில் எழுதி வாங்கிவிட்டோம் ஹஜ்ரத், இது போதாதா?" மணமுறிவுக்குப் பிறகு நம்மிடம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். மகளுக்கு மறுமணம் பேசும்போதோ, "நான் தலாக் சொல்லவே இல்லை" என்று கணவர் மறுக்கும்போதோதான் அந்தக் கடிதத்தின் பலம் எவ்வளவு என்பது தெரியவருகிறது. மனைவியை வாழவும் வைக்காமல், விடுவிக்கவும் செய்யாமல் அந்தரத்தில் விடுவதைத் திருக்குர்ஆன் தடுக்கிறது (4:129, 2:231). நம்முடைய அறியாமையால் ஒரு பெண் அந்த நிலைக்கு ஆளாகிவிடக் கூடாது. அதற்காகத் தமிழகத்தில் இன்றுள்ள சட்ட நிலையைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. ஜமாஅத் தரும் சான்றிதழ் செல்லுமா?

நீதிமன்றத்தின் முன் அது மணமுறிவுச் சான்று ஆகாது. ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் குலா சான்றிதழ் வழங்க முடியாது என்றும், குலா கோரும் பெண் குடும்ப நல நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது.

அப்படியானால் ஜமாஅத்துக்கு வேலையில்லையா? உண்டு. இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைத்துச் சமரசம் செய்யச் சொல்கிறது 4:35 வசனம். ஜமாஅத்தின் முதல் பணி அதுவே. பேச்சுவார்த்தை நடந்த தேதி, வந்தவர்கள், பேசிய விவரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னர் நீதிமன்றத்தில் அது உதவும்.

2. கணவர் தலாக் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்ததா?

தக்க காரணம் இருக்க வேண்டும், தலாக்குக்கு முன் சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் ஷமீம் ஆரா வழக்கில் கூறியது. மார்க்கம் காட்டும் வழியும் இதற்கு மாறானதல்ல. மனைவி தூய்மையாக இருக்கும் காலத்தில், தாம்பத்தியம் கொள்ளாத நிலையில், ஒரு தலாக் சொல்லி, இத்தா முடியும்வரை மீண்டும் சேர வாய்ப்பை விட்டுவைப்பதே சிறந்த முறை.

தலாக்கை மனைவி மறுத்தால், கணவர்தான் நீதிமன்றம் சென்று மணமுறிவு நடந்ததாக அறிவிக்கும் தீர்ப்பைப் பெற வேண்டும். அதுவரை திருமணம் நீடிப்பதாகவே கொள்ளப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-ல் கூறியுள்ளது.

3. ஒரே நேரத்தில் மூன்று தலாக்?

அது எத்தனை தலாக்காகக் கணக்கிடப்படும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாட்டின் சட்டத்தில் அது செல்லாது. 2017-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாயால் சொன்னாலும், எழுதினாலும், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் 3 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. கோபத்தில் விரலை அழுத்தும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

4. மனைவி பிரிய விரும்பினால்?

மஹரைத் திருப்பிக் கொடுத்தோ, பேசி முடித்த ஈட்டின் பேரிலோ குலா கேட்கலாம். இருவருமே பிரிய விரும்பினால் அது முபாரஅத். இரண்டிலும் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்து, குடும்ப நல நீதிமன்றத்தில் தீர்ப்பும் பெறுவது பாதுகாப்பு.

கணவர் சம்மதிக்கவே இல்லையென்றால், 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி மனைவி வழக்குத் தொடரலாம். முக்கியக் காரணங்கள்:

- கணவர் 4 ஆண்டுகளாக இருக்குமிடம் தெரியாதது
- 2 ஆண்டுகள் பராமரிப்புச் செலவு தராதது
- 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றது
- தக்க காரணமின்றி 3 ஆண்டுகள் இல்லறக் கடமையை நிறைவேற்றாதது
- கொடுமை: அடித்தல், மனைவியின் சொத்தை விற்றல், மார்க்கக் கடமைகளைத் தடுத்தல், பல மனைவியர் இருந்தால் நீதமாக நடக்காமை ஆகியவையும் இதில் அடங்கும்

தீர்ப்பு வந்ததும் ஆலிம் ஒருவரை அணுகி மார்க்க நிலையையும், இத்தா எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே மறுமணம் பேசுங்கள்.

5. மஹர், நகை, ஜீவனாம்சம்?

தராத மஹரும், திருமணத்தில் மனைவிக்குக் கிடைத்த நகை, பொருட்களும் அவளுக்கே உரியவை. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவளது வருங்கால வாழ்வுக்கும் போதுமான நியாயமான ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள்ளேயே கணவர் செய்துவிட வேண்டும் என 2001-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கோரும் உரிமையும் விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு உண்டு என 2024 ஜூலையில் அது உறுதிசெய்தது. அந்த மனுவைப் பெண் தான் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம்.

6. பிள்ளைகள் யாரிடம்?

நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. பிள்ளை தாயிடம் இருந்தாலும் செலவுப் பொறுப்பிலிருந்து தந்தை விலக முடியாது.

7. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே?

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நிகாஹ் பதிவேட்டின் நகல், ஆதார், நகைப் பட்டியல், ஜமாஅத் கடிதங்கள், வந்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கடிதம் கொடுத்து அனுப்பும்போது, "இதோடு முடியவில்லை, நீதிமன்றமும் செல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு பெண்ணின் பல ஆண்டுகளைக் காப்பாற்றும்.

சேர்ந்து வாழ்வதானாலும் பிரிவதானாலும் அழகிய முறையில் நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!