உழைப்பு கரைத்த கொழுப்பு: ஆமிஷ் மக்களின் கதை

பன்றி இறைச்சி, முட்டை, வெண்ணெய், உருளைக்கிழங்கு, அதன் மேல் கொழுப்பில் செய்த குழம்பு. கடைசியில் சர்க்கரைப்பாகு ஊற்றிச் செய்த 'பை'. தினமும் இப்படிச் சாப்பிட்டால் என்ன ஆகும்? உடம்பு பெருக்கும் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் வட அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் மக்களிடம் இந்தக் கணக்கு பொய்த்துப் போனது.

1693-ல் ஜேக்கப் அம்மான் என்பவரின் தலைமையில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் தனியாகப் பிரிந்த கிறிஸ்தவப் பிரிவினர் இவர்கள். மத ஒடுக்குமுறைக்குத் தப்பி 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். 1820-களில் ஒரு பகுதியினர் கனடாவின் ஒன்டாரியோவுக்குச் சென்றார்கள். காடு திருத்தி, குதிரை பூட்டி உழுதவர்களுக்கு அந்தச் சாப்பாடு தேவைப்பட்டது.

20-ஆம் நூற்றாண்டில் காரும் டிராக்டரும் மின்சாரமும் வந்தன. அக்கம்பக்கத்தார் ஏற்றுக்கொண்டார்கள், பழமையில் ஊறிய ஆமிஷ் பிரிவினர் மறுத்தார்கள். உடல்நலத்துக்காக அல்ல; ஊர் ஒற்றுமை சிதறிவிடும் என்ற பயத்தால்! உடல்நலம் அதன் கூடவே வந்த லாபம்.

அந்த லாபத்தை அளந்து பார்த்தவர் டென்னசி பல்கலைக்கழகத்தின் டேவிட் பாஸெட். ஒன்டாரியோவில் 98 ஆமிஷ் பெரியவர்களின் இடுப்பில் நடையை எண்ணும் கருவியை ஒரு வாரம் மாட்டினார்கள். முடிவு 2004-ல் வெளியானது. ஆண்கள் நாளுக்குச் சராசரியாக 18,425 அடிகள், பெண்கள் 14,196 அடிகள் நடந்திருந்தார்கள். ஆண்களில் ஒருவருக்கும் உடற்பருமன் இல்லை. பெண்களில் 9% பேருக்கு மட்டுமே இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கப் பெரியவர்களில் சுமார் 30% பேர் உடற்பருமன் உள்ளவர்கள்.

2008-ல் பென்சில்வேனியா ஆமிஷ் மக்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு, எடையைக் கூட்டும் எஃப்டிஓ மரபணுவின் பாதிப்பு கடுமையாக உழைப்பவர்களிடம் பெரிதாகத் தெரியவில்லை என்றது.

அதற்காக வெண்ணெய் நல்லது என்று அர்த்தமில்லை. 98 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. எடை குறைவாக இருந்தாலே இதயம் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மக்கள்தொகை பெருகி நிலத்தின் விலை ஏறியதால் ஆமிஷ் ஆண்களில் பலர் ஏரை விட்டுப் பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள். செலவு குறைகிறது, ஆனால் தட்டில் வரவு அப்படியே இருக்கிறது. தாத்தாவின் சாப்பாட்டை வைத்துக்கொண்டு தாத்தாவின் வேலையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி ஆமிஷ் மக்களுக்கு மட்டுமானது இல்லை.