மழையிலும் தொய்யாத கூரை: ஃபிளைஷீட்டுக்கு எலாஸ்டிக் கயிறு கட்டும் முறை

பீடோர் – பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் பீடோர், தாப்பா வட்டாரத்து மலையடிவாரங்களுக்கு முகாமிடச் செல்லும் நம் இளைஞர்கள் பலர், கூடாரத்துக்குப் பதிலாக ‘ஹெமோக்’ எனப்படும் ஊஞ்சல் படுக்கையைக் கொண்டுபோகிறார்கள். பையில் சுமை குறையும். சமதரை தேட வேண்டியதில்லை. வேர், கல், எறும்பு, அட்டை ஆகியவற்றின் தொல்லையும் குறைவு. இரண்டு மரங்களுக்கு இடையே படுக்கையைக் கட்டி, மேலே ஃபிளைஷீட்டை விரித்தால் வீடு தயார்.

ஆனால், மாலையில் மத்தளத் தோல்போல் விறைப்பாக இருந்த ஃபிளைஷீட், நள்ளிரவு மழைக்குப் பிறகு தொட்டில் துணிபோல் தொங்கும். இருட்டில் எழுந்து, நனைந்துகொண்டே கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. பக்கவாட்டுக் கயிறுகள் ஒவ்வொன்றிலும் ஒரு சாண் அளவுக்கு எலாஸ்டிக் சேர்த்துக் கட்டினால், தொய்வு ஏற்படும்போதெல்லாம் அது தானாகவே இழுத்துக்கொள்ளும்.

ஏன் தொய்கிறது?

முதல் காரணம் துணி. எடை குறைந்த ஃபிளைஷீட்டுகள் பலவும் நைலான் துணியால் ஆனவை. சாதாரணக் காற்றிலேயே நைலான் தன் எடையில் சுமார் 4 விழுக்காடு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியெஸ்டர் ஏற்பது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஈரம் ஏறிய நைலான் சற்று நீளும். 3 மீட்டர் அகலமுள்ள துணியில் அந்தச் சிறு நீட்சியே கண்ணுக்குத் தெரியும் தொய்வாகிவிடும்.

இரண்டாவது கயிறு. நைலான் கயிறும் அதே குணம் கொண்டது. மூன்றாவது, முடிச்சுகள் இறுகும், மரங்கள் காற்றில் அசையும், நனைந்த மண்ணில் அடித்த முளை இளகும். ஆகவே மாலையில் எவ்வளவு இறுக்கமாகக் கட்டினாலும் அந்த இறுக்கம் விடியும்வரை நிற்காது.

சந்தையில் வாங்கும் நீல நிற, ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கென்வஸ் தண்ணீரை உறிஞ்சாது. அதற்கு வேறு தொல்லை. காற்று திடீரென உதறும்போது அதன் விசை முழுவதும் ஓரத்திலுள்ள வளையத் துளையில் விழும். நாலைந்து உதறலில் துளை கிழிந்துவிடும்.

தேங்கும் நீரின் எடை

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். அதாவது 1 கிலோ. 3 மீட்டருக்கு 3 மீட்டர் ஃபிளைஷீட்டின் மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 450 கிலோ எடையுள்ள தண்ணீர் அதன்மீது விழுந்து ஓடியாக வேண்டும். சரிவு சரியாக இருக்கும்வரை கவலையில்லை.

தொய்ந்த இடத்தில் 60 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குழி விழுந்தாலே சுமார் 20 லிட்டர் தண்ணீர் தேங்கிவிடும். அந்த எடை துணியை மேலும் கீழே இழுக்கும், குழி இன்னும் ஆழமாகும். கடைசியில் வளையம் கிழியும், அல்லது முளை பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் முழுவதும் படுத்திருப்பவர் மேல் கொட்டும். மலையில், நடு இரவில், மாற்றுத் துணியும் நனைந்த நிலையில் அது வெறும் அசௌகரியமாக முடிவதில்லை. உடல் வெப்பம் குறைந்து நடுக்கம் கண்டால் ஆபத்து.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ‘சுமாத்ரா’ எனப்படும் புயல்காற்று விடியலுக்கு முன் திடீரென வீசுவதும் உண்டு. ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் நேரம் அது.

பால்மரம் தந்த பாதுகாப்பு

எலாஸ்டிக் கயிறு என்பது மெல்லிய ரப்பர் இழைகளின் கட்டு. அதன்மேல் நெய்த நூல் உறை இருக்கும். ரப்பர் தனியாகப் பல மடங்கு நீளக்கூடியது. உறைதான் அதைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கோடு நிறுத்துகிறது. அந்த ரப்பருக்கும் பேராக்குக்கும் உள்ள உறவை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது.

கயிறும் துணியும் கொண்டு காட்டில் கூரை போடுவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் காட்டுக்குள் ரோந்து சென்ற படையினர், மழைக்குப் போர்த்தும் போன்சோவையே மரங்களுக்கு இடையே கட்டி அதன்கீழ் படுத்தனர். அந்தக் கூரையை ‘பாஷா’ என்று அழைத்தனர். பிரிட்டிஷ் படையினர் இன்றும் தங்கள் பாஷாவை எலாஸ்டிக் கயிற்றால் கட்டுவது வழக்கம்.

செய்யும் முறை

தேவையானவை: 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எலாஸ்டிக் கயிறு, மூலைக்கு 30 சென்டிமீட்டர் வீதம் நான்கு துண்டு; 2 அல்லது 3 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு, மூலைக்கு இரண்டரை மீட்டர். நைலான் கயிறு வேண்டாம்.

1. பாலியெஸ்டர் கயிற்றின் ஒரு முனையை ஃபிளைஷீட்டின் மூலை வளையத்தில் கட்டவும்.

2. எலாஸ்டிக் துண்டின் இரு முனைகளிலும் சிறு கண்ணி போடவும். முடிச்சுக்குப் போக 20 சென்டிமீட்டர் மிஞ்சும்.

3. பாலியெஸ்டர் கயிற்றில், ஃபிளைஷீட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு கண்ணி போடவும். அங்கிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு கண்ணி.

4. எலாஸ்டிக்கின் இரு முனைகளையும் இந்த இரு கண்ணிகளில் மாட்டவும். 35 சென்டிமீட்டர் கயிறு 20 சென்டிமீட்டர் எலாஸ்டிக்குக்குப் பக்கத்தில் வளைந்து தொங்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

5. முளையில் கட்டும்போது எலாஸ்டிக் 30 சென்டிமீட்டர் வரை நீளும்படி இழுத்துக் கட்டவும்.

இப்போது மழையில் துணி தொய்ந்தால் எலாஸ்டிக் சுருங்கி 10 சென்டிமீட்டர் வரை இழுத்துக்கொள்ளும். காற்று உதறினால் இன்னும் 5 சென்டிமீட்டர் நீண்டு கொடுக்கும். அதற்கு மேல் போகாமல் பக்கத்தில் தொங்கும் கயிறு விறைத்து, சுமையைத் தாங்கும்.

இதில் முக்கியமானது அந்தத் தொங்கும் கயிறுதான். தொய்வை எடுப்பது மட்டுமே எலாஸ்டிக்கின் வேலை. சுமையைத் தாங்குவது கயிற்றின் வேலை. கயிறு இல்லாமல் வெறும் எலாஸ்டிக்கில் கட்டினால், பலத்த காற்றில் ஃபிளைஷீட் பட்டம்போல் எழும்பும். எலாஸ்டிக்கும் அறுந்துபோகும்.

எங்கே கட்டக்கூடாது?

மரத்துக்கு மரம் போகும் முகட்டுக் கயிற்றில் எலாஸ்டிக் சேர்க்கவே கூடாது. முகடு தாழ்ந்தால் கூரை முழுவதும் தாழும். அதை நீளாத கயிற்றில், லோரியில் சாமான் கட்டுகிறவர்கள் போடும் இழுவை முடிச்சால் இறுக்க வேண்டும். பக்கங்களில் நான்கு மூலைகளுக்கு மட்டுமே எலாஸ்டிக். ஆள் எடையைத் தாங்கும் ஹெமோக் வாரிலும் எந்தக் காரணத்துக்காகவும் அதைச் சேர்க்கக்கூடாது.

இரு முனையிலும் இரும்புக் கொக்கி வைத்த மோட்டார் சைக்கிள் எலாஸ்டிக்கையும் தவிர்ப்பது நல்லது. இழுத்த நிலையில் நழுவினால் கொக்கி நேராக முகத்துக்கு வரும். கண்ணைப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

எலாஸ்டிக் கிடைக்காவிட்டால்

பழைய மோட்டார் சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினால் அதே வேலையைச் செய்யும். வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் இழுத்துப் பார்க்க வேண்டும்.

டியூபும் இல்லையென்றால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் போதும். கவை உள்ள குச்சியை உறுதியாக நட்டு, பக்கக் கயிற்றை அதன்மேல் போட்டு, நுனியில் நிறைந்த போத்தலைத் தரையில் படாமல் தொங்கவிடவும். துணி தொய்யத் தொய்ய போத்தல் கீழிறங்கும். ஒன்றரை கிலோ இழுப்பு விடியும்வரை மாறாது. காற்று பலமாக உள்ள இடத்துக்கு மட்டும் இது ஒத்துவராது.

கட்டும் இடம்

கூரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இடம் தவறினால் பயனில்லை. பட்டுப்போன மரத்திலும், காய்ந்த கிளைக்குக் கீழும் கட்டக்கூடாது. பால்மரம் காற்றுக்கு எளிதில் முறியும் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பழைய ரப்பர் காட்டில் தங்குவோர் கவனமாக இருக்க வேண்டும். பழக்காலத்தில் டுரியான் மரத்தடி கூடவே கூடாது.

ஆற்றோரமும் அருவிக்கரையும் இரவு தங்கும் இடங்கள் அல்ல. மேலே மலையில் பெய்த மழை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே ‘கெப்பாலா ஆயேர்’ எனப்படும் திடீர் வெள்ளமாக வந்து சேரும். குனோங் பத்து பூத்தே போன்ற மலைகளுக்குச் செல்வோர் வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

கடைக்கும் பந்தலுக்கும்

இந்த முறை காட்டோடு முடிவதில்லை. சாலையோரப் பழக்கடை, பசார் மாலாம் கடை, வீட்டு வாசலில் கட்டும் சிறு கென்வஸ் ஆகியவற்றிலும் வளையத் துளைக்கும் கயிற்றுக்கும் இடையே இதே அமைப்பைச் சேர்த்தால் துளை கிழிவது குறையும். கோயில் திருவிழாப் பந்தல் போன்ற பெரிய கூரைகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு இரும்புக் கால்களும் அனுபவமுள்ள ஆட்களும் தேவை.

பராமரிப்பு

வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பருக்குப் பகை. இழுத்த நிலையில் வெயிலில் விட்டால் சீக்கிரமே வெடிக்கும். முகாம் முடிந்ததும் எலாஸ்டிக்கைத் தளர்த்தி, நிழலில் உலர்த்தி, சுருட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கையால் இழுத்துப் பார்ப்பது நல்லது. உறைக்குள் இழை அறுந்து ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருந்தாலோ, விட்ட பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பாவிட்டாலோ மாற்றிவிட வேண்டும். நான்கு மூலைக்கும் சேர்த்து ஒன்றேகால் மீட்டர் எலாஸ்டிக் போதும். புறப்படும் முன் வீட்டு வாசலில் ஒருமுறை கட்டி, வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தால், எது தொய்கிறது என்பது காட்டுக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.