நால்வர் தந்தியிசையும் ராக் சங்கீதமும்

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு வில்வாத்தியங்கள் கூடி வாசிக்கும் ஸ்டிரிங் குவார்டெட் என்னும் அமைப்பு, 18-ஆம் நூற்றாண்டில் ஹைடனுடைய கையில் உருப்பெற்று, மொட்ஸார்ட், பீத்தோவன் முதலிய மேதைகளால் ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதத்தின் மிக நுட்பமான வடிவங்களுள் ஒன்றாக உயர்ந்ததாகும். 1960-களில் தொடங்கி ராக், பாப் என்னும் ஜனரஞ்சக இசைவகைகளோடு இது கொண்ட சம்பந்தமே இங்குக் கூறப்படுவது.

அதற்கு முன்னும் மெல்லிசைப் பாட்டுக்களில் வயலின்கள் ஒலித்ததுண்டு. பெரும்பாலும் அவை பாட்டின்மேல் ஊற்றிய வெல்லப்பாகாகவே இருந்தன. 1965 ஜூனில், லண்டன் ஏபி ரோட்டிலுள்ள ஒலிப்பதிவுக்கூடத்தில், பீட்டில்ஸ் குழுவின் 'எஸ்டர்டே' என்ற பாட்டுக்குக் குவார்டெட் சேர்க்கலாமென்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் யோசனை கூறியபோது பால் மக்கார்ட்னி முதலில் தயங்கியதும், பின்னர் இசைந்தும், ஸ்வரத்தை விரலால் நடுங்கச் செய்யும் விப்ராட்டோ வேண்டாமென்று வற்புறுத்தியதும் அந்தப் பாகுக்கு அஞ்சித்தான். மறு வருஷம் வெளிவந்த 'எலினார் ரிக்பி'யில் பீட்டில்ஸ் நால்வரில் ஒருவரும் வாத்தியத்தைத் தொடவில்லை. இரட்டைக் குவார்டெட்டாக எட்டு வித்வான்கள் வாசித்தனர். ஒலிப்பதிவாளர் ஜெப் எமெரிக் மைக்குகளைத் தந்திகளுக்கு வெகு அருகில் வைத்துவிடவே, சிறு பிசகும் பதிவாகிவிடுமென்று கலங்கிய வித்வான்கள், ஒவ்வொரு முறை வாசிக்கத் தொடங்குமுன்னும் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்களாம்! வில் தந்தியை அராவும் அந்தக் கரகரப்பே பாட்டின் அழகாயிற்று.

எதிர்த்திசையிலிருந்து, அதாவது சாஸ்திரீய சங்கீதத்தின் பக்கமிருந்து ராக் இசையை நோக்கி, வந்தவர் டேவிட் ஹாரிங்டன். வியட்நாம் யுத்த காலத்தில் ஜார்ஜ் கிரம் இயற்றிய 'பிளாக் ஏஞ்சல்ஸ்' என்ற மின்னொலிக் குவார்டெட்டைக் கேட்டதன் வேகத்தில், 1973-இல் சியாட்டில் நகரில் அவர் நிறுவிய குரோனோஸ் குவார்டெட், பின்னர் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து, ராக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'பர்பிள் ஹேஸ்' பாட்டையும் தன் கச்சேரிகளில் வாசித்துப் பிரசித்தி பெற்றது.

பாடகரும் நால்வரும் சமானஸ்தர்களாக அமர்ந்த முயற்சிகளில் முதன்மையாகக் கருதத்தக்கது 1993-இல் வெளிவந்த 'தி ஜூலியட் லெட்டர்ஸ்'. நாடக நாயகியான ஜூலியட்டின் பெயருக்கு வந்த கடிதங்களுக்கு வெரோனா நகரத்துப் பேராசிரியர் ஒருவர் பதிலெழுதி வந்தார் என்ற செய்தியே அதற்கு வித்து. இங்கிலாந்தின் பிராட்ஸ்கி குவார்டெட்டோடு சேர்ந்து அதை ஆக்கிய ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ, அதுவரை காதாலேயே பாட்டுக் கட்டியவர். அந்நால்வரோடு உறவாடுவதற்காக ஸ்வரக்குறிப்பெழுதக் கற்றுக்கொண்டார்.

பாண்ட் என்னும் பெண்கள் நால்வர் 2000-இல் வெளியிட்ட 'பார்ன்' இசைத்தட்டை, பாப் மிகுந்துவிட்டதென்று பிரிட்டனின் சாஸ்திரீய விற்பனைப் பட்டியலிலிருந்தே நீக்கினர். விற்பனை அதனால் குன்றவில்லை. 2005-இல் குரோனோஸ் நால்வர் ஆர். டி. பர்மனின் ஹிந்தி சினிமாப் பாட்டுக்களைத் தங்கள் தந்திகளுக்கு மாற்றியமைத்தபோது, எழுபது வயதைக் கடந்திருந்த ஆஷா போன்ஸ்லே அவற்றுள் தாம் முன்பு பாடியிருந்த பலவற்றைத் தாமே மீண்டும் பாடிக் கொடுத்தார்.