ஒருமுறை மிதித்தால் இரண்டு அடி: இலத்திரனியல் ட்ரம்மை உடலுக்கேற்ப அமைப்பது எப்படி?

கிளிநொச்சிப் பக்கத்தில் சில இளைஞர்களுக்கு நான் ட்ரம்ஸ் பழக்கி வருகிறேன். அவர்களில் ஒருவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மீள்குடியேறிய காலத்தில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடியில் போனது. செயற்கைக் காலுடன்தான் வகுப்புக்கு வருகிறார்.

முதல் நாள் பெடலை மிதித்துவிட்டு, "அண்ணை, நான் ஒருக்கா மிதிச்சா ரெண்டு தரம் அடிக்குது. என்ர கால் இதுக்குச் சரிவராது போல" என்றார். "பழகப் பழகச் சரிவரும் தம்பி" என்றேன். இரண்டு கிழமை அப்படியே சொன்னேன். மூன்றாம் கிழமை அவர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். பிழை அங்கேதான் இருந்தது. ஓர் இலக்கத்தை மாற்றியதும் இரட்டை அடி நின்றது. வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிவந்தேன்.

கையில், காலில், காதில் காயத்தோடு வாழ்பவர்கள் நம்மிடையே பலர். இந்த வாத்தியத்தை உடலுக்கேற்ப மாற்றலாம் என்பதை அவர்களும், பழக்குபவர்களும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெட்டி எப்படிக் கேட்கிறது?

ஒவ்வொரு தட்டின் அடியிலும் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் சிறிய உணரி இருக்கிறது. பெட்டி அந்தச் சமிக்ஞையின் பலத்தை 1 முதல் 127 வரையான ஓர் இலக்கமாக எடுத்து, அதற்கேற்ற அளவில் தன்னிடமுள்ள ஒலியை எழுப்புகிறது.

அடிக்கும் இடம் வேறு, ஒலி பிறக்கும் இடம் வேறு. ரோலண்ட் நிறுவனம் 1985இல் வெளியிட்ட முதல் ஒக்டபாட்டில் 8 தட்டுகள் இருந்தன. சொந்த ஒலி ஒன்றுகூட இல்லை. மிடி கம்பி வழியாக வேறொரு கருவிக்குச் செய்தி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. எந்தத் தட்டுக்கு எந்த ஒலி என்பதை நாமே தீர்மானிக்க முடிவது இந்தப் பிரிப்பினால்தான்.

மாற்றவேண்டிய ஐந்து இடங்கள்

பெயர்கள் கருவிக்குக் கருவி சற்று மாறும். பெரும்பாலும் ட்ரிகர் என்ற பகுதிக்குள் இவை இருக்கும்.

சென்சிற்றிவிற்றி: கூட்டினால் மெதுவான அடிக்கும் பெரிய ஒலி வரும். கையில் பலம் குறைந்தவருக்குக் கூட்டுங்கள். அளவுக்கு மேல் கூட்டினால் எல்லா அடியும் 127 ஆகிவிடும். மெல்லிய அடி, பலமான அடி என்ற வேறுபாடு போய்விடும்.

த்ரெஷோல்ட்: இந்த அளவுக்குக் கீழான அதிர்வைப் பெட்டி கவனிக்காது. மேடை அதிர்வாலோ அருகிலுள்ள ஒலிபெருக்கியாலோ தட்டாமலே ஒலி வந்தால் இதை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். தேவையற்ற ஒலி நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். மேலும் கூட்டினால் மெல்லிய அடிகள் காணாமற்போகும்.

வெலோசிற்றி கேர்வ்: அடியின் பலம் எந்த விகிதத்தில் ஒலியாக மாறுகிறது என்பது இது. லீனியர் என்பது நேர் விகிதம். லொக் என்று தொடங்கும் தெரிவுகளில் மெல்லிய அடிக்கே ஒலி விரைவாகக் கூடும். தோளில் அல்லது மணிக்கட்டில் காயமுள்ளவருக்கு இது உதவும்.

ரீட்ரிகர் கான்சல், மாஸ்க் ரைம்: எங்கள் தம்பியின் சிக்கல் இங்கேதான் இருந்தது. செயற்கைப் பாதத்தில் கணுக்கால் மடியாது. தொடையிலிருந்து மிதிப்பதால் பெடலின் சுத்தியல் தட்டில் பட்டு, துள்ளி, மீண்டும் படுகிறது. முதல் அடிக்குப் பின் சில மில்லிசெக்கன்கள் வேறெதையும் கேட்காதே என்று பெட்டிக்குச் சொல்வதே மாஸ்க் ரைம். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு 500 மில்லிசெக்கன். அதன் காற்பங்கு 125. எனவே 30 அல்லது 40 வைத்தாலும் வேகமான வாசிப்புக் கெடாது. அவருக்கு 40 சரியாக இருந்தது.

க்ரொஸ்ரோக்: ஒரு தட்டை அடிக்கும்போது அதே தாங்கியிலுள்ள மற்றத் தட்டும் ஒலித்தால் இதைக் கூட்டுங்கள். முதலில் தாங்கியின் திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதும்.

ஒலியை இடம்மாற்றுவது

காலால் மிதிக்கவே முடியாதவருக்கு கிக் ஒலியைக் கைத்தட்டு ஒன்றுக்குக் கொண்டுவரலாம். வெளிக்கருவியில் அல்லது கணினியில் ஒலி எடுப்பவர்கள் மிடி இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிக் 36, ஸ்நெயார் 38, மூடிய ஹைஹெட் 42, திறந்த ஹைஹெட் 46, க்ராஷ் 49, ரைட் 51. பொதுவாக ட்ரம்முக்குரிய மிடி அலைவரிசை 10. இடது கால் இல்லாதவருக்கு மூடிய ஹைஹெட்டை ஒரு தட்டிலும் திறந்ததை இன்னொரு தட்டிலும் வைத்தால் ஹைஹெட் பெடலே தேவைப்படாது.

கேட்பவர்களின் காது

எங்கள் கொட்டகையில் ஒருநாள் பெரிய ஒலிபெருக்கியில் கிக்கை அடித்தபோது, பின்னால் கதிரையில் இருந்த ஓர் அம்மா எழும்பி வெளியே போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து கிக் ஒலியின் டிகே அளவைக் குறைத்து, ரிவேர்ப்பை அநேகமாக எடுத்துவிட்டேன். ஒலி நீண்டு முழங்காமல் 'டப்' என்று முடிகிறது. தாளம் குறையவில்லை. வெடிச்சத்தம் போன்ற விளைவொலி தட்டில் இருந்தால் நிகழ்ச்சிக்கு முன்னரே வேறொன்றை மாற்றிவிடுங்கள். முதற் பாட்டை மெதுவாகத் தொடங்குங்கள்.

செல்லடியில் காது பாதிக்கப்பட்டவர்கள் ஹெட்போனில் அவதானமாக இருக்க வேண்டும். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் அந்த நேரம் பாதியாகும். காதில் இரைச்சல் தொடங்கினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

சேமித்து வையுங்கள்

சில கருவிகள் மாற்றத்தைத் தாமாகவே சேமிக்கும். சிலவற்றில் ரைட் அல்லது சேவ் பொத்தானை அமத்த வேண்டும். அதற்குள் மின்சாரம் நின்றால் எல்லாம் போய்விடும். எனவே ஒவ்வொருவருக்கும் உரிய இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். ஒருவர் எழும்ப மற்றவர் இருக்கும்போது தாளைப் பார்த்து மாற்றிக்கொள்வோம்.

புதிதாக ஒருவர் வந்து சரிவரவில்லை என்றால் இப்போது நான் முதலில் ட்ரிகர் பகுதியைத்தான் திறக்கிறேன். பயிற்சியைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேச்சு. அந்தத் தம்பியும் இப்போது தானே இலக்கங்களை மாற்றுகிறார். போன மாதம் புதிய பெடல் ஒன்று வாங்கியதும், 40ஐ 32 ஆகக் குறைத்துவிட்டு, "இது காணும் அண்ணை" என்றார். வாசிக்கக் கேட்டேன். சரியாகத்தான் இருந்தது.