கொலராக் கிருமியின் ஆளி

கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதம் நாவலப்பிட்டியையும் வட்டவளையையும் கடந்து, அற்றனை அடையுமுன் றொசல்ல என்னும் சிறு நிலையத்தைத் தொடுகிறது. அப்பாதை அற்றன்வரை வந்து சேர்ந்தது 1884ஆம் ஆண்டில். அதே ஆண்டின் தொடக்கத்திலேதான் ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கொக், கல்கத்தாவில் கொலரா நோயாளரின் குடலிலும், அவர்கள் நீரெடுத்த குளத்திலும், காற்புள்ளிபோல் வளைந்த ஒரு கிருமியைக் கண்டறிந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும், றொசல்லச் சரிவுகளில் இன்று கொழுந்து பறிப்போரின் முன்னோர் பலருக்கு இரண்டுமே காலந்தாழ்த்தி வந்தவை.

அவர்கள் வந்த வழி வேறு. தஞ்சை, திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்கள், தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து மாத்தளைவரை 100 மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகவே கடந்தனர். கங்காணி முன்னே நடக்க, கிடைத்த குட்டையில் நீர் பருகி, கிடைத்த மரநிழலில் உறங்கினர். அந்நீரிலே கொலராவும் இருந்தது. காலையில் நடந்தவர் மாலையில் பிணமாவதும், எழமுடியாதவரை வழியோரத்தில் விட்டுவிட்டு மற்றவர் செல்வதும் நேர்ந்தன. இறந்தோர் தொகை பற்றி அக்காலத்திலேயே வாதம் எழுந்தது. நம்பத்தக்க கணக்கு ஒன்றும் எஞ்சவில்லை. பின்னர் மண்டபத்திலும் றாகமையிலும் தடுப்பு முகாம்கள் அமைந்தன. கிருமியை அடைத்து வைக்க வழி தெரியாத அரசு மனிதரை அடைத்து வைத்தது எனலாம்.

கொலரா எவ்வாறு கொல்கிறது? கிருமி ஒருவகை நஞ்சை உண்டாக்கக்கூடும் எனக் கொக் அன்றே ஊகித்தார். ஆனால் அவ்வூகம் மெய்ப்பிக்கப்பட 75 ஆண்டுகள் சென்றன. கிருமி இறந்து உடைந்த பின்னரே அதன் உடலிலுள்ள நஞ்சு வெளிப்படுகிறது என்றே அறிஞர் பலர் நம்பிவந்தனர். அதனை மறுத்தவர் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலே பிறந்த சம்புநாத் டே. முயலின் சிறுகுடலிலே ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினால், அப்பகுதி நீரால் நிரம்பிப் பருப்பதை அவர் 1953இல் காட்டினார். அடுத்து, கிருமி வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுமே இல்லாத தெளிவைச் செலுத்தினார். குடல் அப்போதும் பருத்தது. உயிருள்ள கிருமியே நஞ்சைச் சுரந்து வெளிவிடுகிறது என்பது 1959இல் 'நேச்சர்' இதழில் அவர் தனியொருவராக எழுதிய சிறு கட்டுரையால் நிலைபெற்றது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே, சிக்கனமான கருவிகளோடு செய்த வேலை அது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பேர்க் அவரை அப்பரிசுக்கு முன்மொழிந்தார், பரிசு வரவில்லை. அவர் நாட்டு அறிவியற் கழகங்களும் அவரை உறுப்பினராக்கவில்லை. இது அக்கழகங்களுக்கே குறை.

இதன்பின் எழுந்த வினா நுட்பமானது. கழிமுக நீரிலே வாழும்போது இக்கிருமிக்கு அந்நஞ்சு பெரும்பாலும் வேண்டியதில்லை. மனிதக் குடலை அடைந்ததும் அதனை ஏன் சுரக்கிறது? ஓர் உயிரின் பரம்பரையலகுகள் யாவும் எப்போதும் வேலை செய்வதில்லை. விளக்குகளைப்போல் அவற்றுக்கும் ஆளிகள் உண்டு. இவ்வுண்மையை 1961இல் பாரிஸ் நகரத்து ஜகோப், மொனோ என்னும் இருவர், தீங்கற்ற குடற் கிருமியொன்றை ஆராய்ந்து நிறுவினர். கொலராக் கிருமியின் ஆளியை 1984இல் அமெரிக்காவில் மில்லர், மெகலானோஸ் ஆகியோர் கண்டு, 'டொக்ஸ்-ஆர்' எனப் பெயரிட்டனர். கிருமியின் மென்சவ்விலே ஊன்றி நிற்கும் இப்புரதம், குடலின் சூழலை உணர்ந்து, 'டொக்ஸ்-டி' என்னும் மற்றொரு புரதத்தை எழுப்புகிறது. அது நஞ்சையும், குடலிற் பற்றிக்கொள்ள உதவும் மயிரிழைகளையும் ஆக்கும் கட்டளைகளைத் திறந்துவிடுகிறது. இச்செய்தி வெளியான மறு ஆண்டிலேதான் டே காலமானார்.

ஆளி தெரிந்தால் அதனை அணைக்க முயலலாம் அல்லவா? மெகலானோஸின் குழுவினர் 50,000 வேதிப்பொருள்களைச் சோதித்து, 'வேர்ஸ்டட்டின்' என்னும் ஒன்றைத் தெரிந்தெடுத்து, 2005இல் அறிவித்தனர். இது கிருமியைக் கொல்வதில்லை. டொக்ஸ்-டியின் வேலையை நிறுத்திவிடுகிறது. இளஞ் சுண்டெலிகளின் குடலிலே கிருமி தங்க இயலாது போயிற்று. கிருமியைக் கொல்லும் மருந்து, அதனைத் தாங்கவல்ல கிருமிகளை மட்டும் எஞ்சவிட்டு அவை பெருக இடமளிக்கிறது. படைக்கலத்தை மட்டும் பறித்தால் அந்நெருக்குதல் குறையலாம் என்பதே இம்முறையின் நம்பிக்கை.

லயங்களுக்கு நன்கு தெரிந்த மற்றொரு நோயான காசநோயிலும் இத்தகைய கருவி பயன்படுகிறது. கிருமிகள் தம்மைத் தாக்கும் வைரசுகளை வெட்டுதற்கு ஒரு கத்தரிக்கோல் வைத்திருக்கின்றன. அதன் முனையை மழுக்கிவிட்டால், அது குறித்த பரம்பரையலகின்மேல் வெட்டாமல் அமர்ந்து, அதனைப் படிக்கவிடாது தடுக்கும். இந்தியாவில் பரீதாபாத்து ஆய்வாளர் 2015இல் இதனைக் காசநோய்க் கிருமியின் இனத்தில் வெற்றியாகச் செய்துகாட்டினர். டெட்ராசைக்ளின் வகைப் பொருளைச் சிறிது சேர்த்தால் தடை தொடங்கும். எந்தப் பரம்பரையலகு இன்றிக் கிருமி வாழாது என அறிந்து, புதிய மருந்துக்கு இலக்குத் தேட இது வழி செய்கிறது.

ஆனால் கொலராவில் இதுகாறும் உயிர்களை மீட்டது ஆளியன்று. 1971இல் வங்காள அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமிலே டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, 100 பேரில் 30 பேர் என்றிருந்த சாவை ஏறத்தாழ 4 பேராகக் குறைத்தார். வேர்ஸ்டட்டினோ மருந்துக்கடைக்கு வரவில்லை. அதனைக் கண்டறிந்த அதே ஆய்விலேயே, டொக்ஸ்-டியில் ஒரேயொரு கண்ணி மாறியதால் அதற்கு அடங்காத கிருமியொன்றும் தென்பட்டுவிட்டது.