கடல்நீர்ச் சிறுதொட்டியில் இறால் வளர்ப்பு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட நிலம்

கடல்நீர்ச் சிறுதொட்டியில் இறால் வளர்ப்பு என்பது, முப்பது முதல் அறுபது லிட்டர் வரை கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் கடலுக்கு ஒத்த உப்புச்செறிவுள்ள நீரை நிறுத்தி, பவளப்பாறைகளை ஒட்டி வாழும் சிறு இறால்களை, உணவுக்காக அன்றி அழகுக்காகவும் அவற்றின் இயல்பை அறிவதற்காகவும், உயிரோடு பேணுவதாகும். கடற்கரை ஊர்களில் இது பெரிதும் நீர் மாற்றும் வேலையாக முடிந்துவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் போன்ற உள்நாட்டு வறண்ட நிலத்திலோ, நீர் ஆவியாவதைக் கணக்கிட்டு ஈடுகட்டும் வேலையே முதன்மை பெறுகிறது. தொட்டியை விட்டு நீர் மட்டுமே போகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் எந்த வெயிலும் காற்றும் பாத்தி நீரை உப்பாக விளைவிக்கின்றனவோ, அவையே அருப்புக்கோட்டை வீட்டுக் கூடத்துத் தொட்டியிலும் அதே வேலையைத் தொடங்கிவிடுகின்றன என்பதால், இங்கே இறால் வளர்ப்போர் அறியவேண்டிய முதல் பாடம் உப்பளத்துப் பாடமே.

நிலமும் நீரும்

இவ்வட்டாரம் கடலுக்கு மிகத் தொலைவில் இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் தூத்துக்குடிக் கடற்கரை வந்துவிடுகிறது. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறும் கமுதி வழியே சென்று மன்னார் வளைகுடாவையே சேர்கிறது, ஆனால் அதில் நீர் ஓடும் நாட்கள் குறைவு. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்து கண்மாய்களில் தேங்குகிறது. பங்குனிக்குப் பின் கரிசல் வெடிப்பு விடத் தொடங்கி, சித்திரை, வைகாசிப் பகல்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. நிலத்தடி நீர் பல ஊர்களில் குடிக்க ஒவ்வாதது என்பதால், குடிப்பதை ‘நல்ல தண்ணீர்’ என்றும் புழங்குவதை ‘உப்புத் தண்ணீர்’ என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். இந்த இரண்டாவது சொல்தான் தொட்டி வளர்ப்பில் முதல் தவறுக்கு வழிவிடுகிறது: கிணற்று நீரே உப்பாயிருக்க, அதில் இன்னும் சிறிது கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடும் என்று எண்ணத் தோன்றும்.

அது ஆகாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றின் எடையில் குளோரைடு ஏறக்குறைய 55 விழுக்காடு, சோடியம் 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல், சல்பேட் 8 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, மக்னீசியம் 4 விழுக்காட்டை ஒட்டி, கால்சியமும் பொட்டாசியமும் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டி என்னும் விகிதம் பெருங்கடல்கள் எங்கும் ஏறத்தாழ மாறாதது. உப்பளத்தில் விளைவது இந்தக் கலவை முழுவதும் அன்று. சோடியம் குளோரைடு படிகமானதும், மக்னீசியமும் பொட்டாசியமும் மிகுந்த கசப்பு நீரை வடித்து அகற்றிவிடுகின்றனர். எனவே கல்லுப்பில் இல்லாமற்போவது, இறாலின் தசையும் நரம்பும் ஓடும் இயங்கத் தேவையான பகுதியே. நிலத்தடி உப்பு நீரின் விகிதம் இன்னொரு வகையில் பிறழ்ந்தது. ஹரியானாவில் உவர் நிலத்தடி நீரைக் கொண்டு இறால் வளர்க்க முயன்றபோது, மொத்த உப்பு போதிய அளவு இருந்தும் பொட்டாசியம் குறைந்ததால் இறால்கள் பிழைக்கவில்லை. பொட்டாசிய உரத்தைக் கணக்கிட்டுச் சேர்த்த பின்னரே அங்கு வளர்ப்பு நிலைபெற்றது. இருந்தும் அது பரந்த உப்புச்செறிவைத் தாங்கும் பண்ணை இறாலைக் கொண்டு நடந்தது. பவளப்பாறை இறாலுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை.

ஆகவே நீருக்கு இரண்டே வழிகள் உள்ளன. முதலாவது, தூத்துக்குடிப் பக்கத்தில் துறைமுகம், கழிவுநீர் வாய்க்கால், படகு நிறுத்தும் இடம் ஆகியவற்றுக்கு விலகி, மழை ஓய்ந்த காலத்தில் எடுத்த கடல்நீரை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் வடிகட்டி, பிளாஸ்டிக் கேன்களில் இரண்டு மூன்று வாரம் இருட்டில் தேக்கிவைத்துப் பயன்படுத்துவது. இரண்டாவது, மீன்தொட்டிகளுக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையை, எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் உப்பு நீக்கிய நீரில், அதாவது வழக்கில் ஆர்.ஓ. தண்ணீர் எனப்படுவதில், கரைத்துக்கொள்வது. இந்த இரண்டாவது வழி புதிதன்று. 1850களில் இலண்டனில் கடல்நீர்த் தொட்டிகள் பரவியபோதே, கடலுக்கு விலகி வாழ்வோருக்காக பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆய்வாளர் செயற்கைக் கடல்நீர் செய்யும் அளவுகளை வெளியிட்டார். 1909-இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்துக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. உள்நாட்டுத் தொட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆவியாதலும் ஈடுநீரும்

நீரின் உப்புச்செறிவை ஒப்படர்த்தி கொண்டு அளப்பர். ஒப்படர்த்தி என்பது அதே கன அளவுள்ள தூயநீரோடு ஒப்பிட்ட எடை, இது இறால் தொட்டியில் 1.023 முதல் 1.026 வரை இருக்கவேண்டும். மிதவை அடர்த்திமானியைவிட, ஒரு சொட்டு நீரில் ஒளி விலகும் அளவைக் காட்டும் ஒளிவிலகல்மானி நம்பத்தக்கது. ஆனால் கருவியை வாங்குவதைவிடக் கணக்கைப் புரிந்துகொள்வது முக்கியம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் 50 லிட்டர் கடல்நீர் நிற்பதாகவும், வறண்ட காற்றில் மட்டம் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் இறங்குவதாகவும் கொண்டால், நாள்தோறும் 900 மில்லிலிட்டருக்கு மேலும், ஒரு வாரத்தில் ஏறத்தாழ ஆறரை லிட்டரும் போய்விடும். தொடக்கத்தில் இருந்த 1,750 கிராம் உப்பு இப்போது நாற்பத்து மூன்றரை லிட்டரில் நிற்பதால், 35 கிராமாக இருந்த செறிவு 40 கிராமாகிவிடுகிறது. ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்புவோர் தொட்டி மட்டம் இரண்டு விரற்கடைதான் இறங்கியிருக்கிறது என்று காண்பர். இறாலோ அதற்குள் வேறொரு கடலில் வாழ்ந்துகொண்டிருக்கும்.

இழந்த நீருக்கு ஈடாக ஊற்றுவதை ஈடுநீர் எனலாம். ஈடுநீரில் உப்பு இருக்கக்கூடாது என்பதே இவ்வட்டாரத்தில் மீறக்கூடாத விதி. கடல்நீரை ஊற்றினால் செறிவு ஏறிக்கொண்டே போகும் என்பது எளிதில் புலப்படும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவதன் கேடு மெதுவாகவே புலப்படும். லிட்டருக்கு 2 கிராம் கரைபொருள் உள்ள நீரை, அதாவது வேறு நீர் கிடைக்காத இடத்தில் குடிநீராக இந்தியத் தர விதி ஏற்கும் மேல்வரம்பில் உள்ள நீரை, வாரம் ஆறரை லிட்டர் வீதம் ஊற்றிவந்தால், நீரை மாற்றாத தொட்டியில் ஓராண்டில் 670 கிராமுக்கு மேல் அந்நிய உப்புகள் சேர்ந்துவிடும்; இது தொட்டியில் இருந்த கடலுப்பின் மூன்றிலொரு பங்கை மிஞ்சுவதாகும். மாதந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றுவது இந்தச் சேர்க்கையைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடிட்டு, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. தண்ணீரையோ வடித்த மழைநீரையோ சிறிது சிறிதாக ஊற்றிவருவது, நிறைந்த அறிவும் குறைந்த செலவும் கொண்ட முறை. ஒரே வேளையில் ஐந்து லிட்டரை ஊற்றுவது, மழை பெய்து கடல் மேற்பரப்பு திடீரென நீர்த்துப்போவதற்கு ஒப்பான அதிர்ச்சியை இறாலுக்குத் தரும்.

வெப்பமும் இந்தக் கணக்கோடு பிணைந்தது. பவளப்பாறை இறால்களுக்கு 24 முதல் 28 டிகிரி ஏற்றது. நீர் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, உப்பு இருப்பதால் மேலும் குறைகிறது. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ள, 32 டிகிரியில் அது 6 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே வேளையில் உயிரின் மூச்சுத்தேவையோ கூடுகிறது. நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியை வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இதே வழியில்தான், காற்று வறண்டிருக்கும் அளவுக்கு இது நன்கு பயன்படும். கடற்கரையின் ஈரக்காற்றைவிட அருப்புக்கோட்டைக் காற்றுக்கு இதில் ஆற்றல் மிகுதி. ஆனால் குளிர்ச்சி வருவதே நீர் ஆவியாவதால் என்பதால், விசிறி ஓடும் மாதங்களில் ஈடுநீரின் அளவும் கூடியே தீரும். பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களுக்கென மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பு ஒன்றை வைத்திருப்பது இன்றியமையாதது.

புதிய தொட்டியில் உடனே இறாலை விடலாகாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

ஓடும் உலோகமும்

இறால் தன் ஓட்டோடு வளர இயலாது. சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய ஓட்டைக் கழற்றி, அதற்குள் உருவான மென்மையான புது ஓட்டை நீரை உறிஞ்சி விரித்துக் கொள்கிறது. நீரை உறிஞ்சும் அந்தச் சில மணி நேரத்தில்தான் உப்புச்செறிவின் பிழை உயிர்ப்பிழையாகிறது. பழைய ஓட்டில் பாதி சிக்கியபடி மாண்டுகிடக்கும் இறால், முந்தைய வாரத்து ஈடுநீரில் நேர்ந்த தவறையே பெரும்பாலும் காட்டுகிறது. காலையில் தொட்டி அடியில் கால்களும் மீசையும் கெடாமல் கிடக்கும் கண்ணாடி போன்ற உருவத்தைக் கண்டு, இறால் செத்துவிட்டதென மனம் கலங்குவோர் பலர்; அது கழற்றிய ஓடாகவே இருக்கக்கூடும். அதை எடுத்து எறியாமல் விடவேண்டும், இறால் அதைத் தின்று கால்சியத்தை மீட்டுக்கொள்ளும். புது ஓடு இறுகும்வரை ஒளிந்திருக்க இடுக்குகளும் வேண்டும்.

இறாலின் குருதியில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அன்று, செம்பு. ஹீமோசயனின் எனப்படும் அந்தப் புரதம் ஆக்சிஜனோடு சேரும்போது நீலம் பூக்கிறது. உடலுக்குள் உயிர் காக்கும் இதே செம்பு நீரில் கரைந்து வந்தால் மிகச் சிறு அளவிலேயே கொல்லும். எனவே செப்புக்குடத்திலோ பித்தளை அண்டாவிலோ ஈடுநீரைப் பிடித்துவைப்பதும், செம்பு கலந்த மீன்மருந்துகளை ஊற்றுவதும் கூடாது. பூச்சிகளின் நெருங்கிய உறவினமாதலால், கொசுவிரட்டிச் சுருளிலும் திரவத்திலும் உள்ள பைரெத்ராய்டு வகை நச்சுகளும் இறாலைக் கொல்கின்றன. காற்றுப்பம்பு அறையின் காற்றையே இழுத்து நீருக்குள் செலுத்துவதால், கொசுவிரட்டி எரியும் அறையில் இறால் தொட்டிக்கு இடமில்லை. பருத்திக்காட்டில் மருந்து தெளித்துவிட்டு வந்தவர் கை கழுவாமல் தொட்டியைத் தொடுவதும் கூடாது.

வளர்க்கும் இனங்கள்

சிறு தொட்டிக்குப் பொருந்துவன சில இனங்களே. சிவந்த முதுகில் வெண்கோடு ஓடும் லிஸ்மாட்டா அம்போயினென்சிஸ் என்னும் துப்புரவு இறால், மீன்களின் உடலில் ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகளையும் இறந்த தோலையும் கொத்தித் தின்பது. தொட்டிக்குள் விட்ட கையின் மேலும் ஏறி நகத்தைச் சுரண்டிப் பார்க்கும். வாலைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும் தார் அம்போயினென்சிஸ் ஓர் அங்குலத்தையும் எட்டாதது, நாற்பது லிட்டரிலும் சிறு கூட்டமாக வாழும். சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் நீண்ட இடுக்கிகளும் கொண்ட ஸ்டெனோப்பஸ் ஹிஸ்பிடஸ் தன் துணையைத் தவிரத் தன் இனத்து வேறெதையும் பொறுக்காது என்பதால், ஒன்றையோ ஒரு இணையையோதான் வைக்கவேண்டும். எதுவாயினும், வந்த பையின் நீரில் தொட்டி நீரை ஓரிரு மணி நேரம் துளித்துளியாகச் சொட்டவிட்டுப் பழக்கிய பின்னரே தொட்டியில் விடப்படும்.

மன்னார் வளைகுடாவில் இத்தகைய உயிர்கள் வாழ்கின்றன என்பதற்காக அங்கிருந்து எடுத்துவருவது முறையாகாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. பிறநாட்டுக் கையேடுகள் தொட்டிக்குள் இடச்சொல்லும் பவளப்பாறைத் துண்டு இதனால் இங்கே குற்றப்பொருள். சுட்ட களிமண் துண்டுகள் பாக்டீரியாவுக்கு அதே இடத்தைத் தருகின்றன, வளைகுடாவும் தப்புகிறது.

இரை

சிறு இறாலுக்கு ஏற்ற உயிர் இரை, தூத்துக்குடி உப்பளங்களிலேயே வாழும் ஆர்ட்டீமியா. பெயரளவில் உப்பள இறால் எனப்பட்டாலும் அது பத்துக்கால் இறாலினம் அன்று. பதினோரு இணை இலைக்கால்களால் மல்லாந்து நீந்தும், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள தனி வகை. மீன்கள் வாழவியலாத அளவுக்கு நீர் கடுப்பேறிய தேக்கங்களில் அது செழிக்கிறது. தூத்துக்குடி இனம் ஆணின்றியே இனம்பெருக்குவது. நிலைமை மிகக் கடுமையாகும்போது குஞ்சுக்குப் பதிலாக உறையிட்ட முட்டைகளை இடுகிறது, அவை முற்றும் காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிர் உறங்கக் காத்திருக்கும். இந்த முட்டைகளைச் சேமிப்பதிலும் வறண்ட காற்று வளர்ப்பவருக்குத் துணையாகிறது: ஈரம் புகாத புட்டியில் வைத்து, வேண்டும்போது 28 டிகிரியளவில் கடல்நீரில் காற்றூட்டிக் கலக்கினால், ஒன்றரை நாளுக்குள் அரை மில்லிமீட்டரும் இல்லாத செந்நிறக் குஞ்சுகள் வெளிவருகின்றன. இவற்றை உடனே ஊட்டவேண்டும், பிந்தினால் கருவூட்டம் தீர்ந்து சத்துக் குறையும்.

முட்டையாய்க் காய்ந்து காத்திருக்கும் இவ்வழக்கம் ஆர்ட்டீமியாவுக்கு மட்டும் உரியதன்று; அதன் நன்னீர் உறவினமான ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைக்கோட்டமஸ் தமிழகத்தின் மழைக்குட்டைகளில் வாழ்வது. குட்டை வற்றியதும் அதன் முட்டைகள் வெடித்த மண்ணுக்குள் கிடந்து, ஐப்பசி மழை தேங்கிய சில நாட்களில் பொரிகின்றன.