விமானியின் ஊதியமும் ஓய்வும்

நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில், பாறசாலைக்கு அண்மையில், கொல்லயில் என்றோர் ஊர் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் தாலுக்காக்கள் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு மாறியதேயன்றி, அக்கோட்டிற்கு இருபுறமும் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. பல இல்லங்களில் அடுக்களை மொழியும் மாறவில்லை. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு இந்நிலை புதிதன்று. வெளியில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாக வாழ்வது நம்மனோர்க்குப் பழகிப்போன வாழ்க்கையன்றோ?

இவ்வூரில் இரவில் வாசல் திண்ணையில் அமர்ந்திருந்தால், திருவனந்தபுரத்திற்கு வந்து இறங்கும் விமானங்களின் முழக்கம் காற்றின் போக்குக்கேற்பக் காதில் விழும். வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் பலரின் வரவும் செலவும் அவ்வொலியில் அடங்கியிருக்கின்றன. இன்னார் மகன் இன்று வருகிறான் என்று அறிந்த வீட்டில் விளக்கு அணைவதில்லை. அவ்விமானத்தில் வருகிற மகனை நினைப்பவர் பலர். அதை ஓட்டி வருகிறவரை நினைப்பவர் சிலரே. அவர் நேற்று எத்தனை மணி நேரம் உறங்கினார்? அவருக்கு ஊதியம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது? வாரத்தில் ஒரு நாளேனும் அவர் தம் இல்லத்தில் இருக்கிறாரா? இக்கேள்விகளுக்கு நம் நாட்டில் தொண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் சிறியதொரு பஸ் மாத் விமானத்தைக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனைக் கொண்டு சென்றவர் நெவில் வின்சென்ட் என்பவர். அன்று அவர்கள் சுமந்தது கடிதப் பைகள். மூன்றாண்டுகள் கழித்து, 1935இல், பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரத்திற்கும் அச்சேவை நீண்டது. விமானக் கலையில் பெருவிருப்புடைய கோதவர்ம ராஜா அவர்களின் முயற்சியும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆதரவும் திருவிதாங்கூருக்கு ஒரு விமானத் தளத்தை அளித்தன. அந்நாளில் ஓட்டுபவர் இரண்டு மூவரே. வானிலை இசைந்தால் பறந்தனர், இசையாவிடில் தரையில் இருந்தனர். வேலை நேரத்தை வகுத்தது ஞாயிறும் மழையும் என்று கூறிவிடலாம்.

ஆனால் விமானங்கள் பெருகி, இரவிலும் பறக்கத் தொடங்கிய பின்னர், இயற்கை வகுத்த ஓய்வு போயிற்று. மனிதன் வகுத்தாக வேண்டிய ஓய்வு வந்தது. இவ்வகையில் முந்திக்கொண்ட நாடு அமெரிக்கா. அங்கே 1931இல் விமானிகள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். 1934இல் அந்நாட்டுத் தேசியத் தொழிலாளர் வாரியம் வழங்கிய 83ஆம் எண் தீர்ப்பு, விமானியின் ஊதியத்தை அடிப்படைச் சம்பளம், பறந்த மணி, பறந்த தூரம் எனப் பகுத்தது. மாதத்திற்கு 85 மணிக்கு மேல் பறக்கலாகாது என்றும் வரம்பிட்டது. நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊதியமும் ஓய்வும் ஒரே தீர்ப்பில் இணைந்து வந்தன. மணிக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால், மிகுதியாகப் பறக்கும் ஆசை ஓட்டுபவருக்கும் வரும், ஓட்டுவிப்பவருக்கும் வரும். ஆகவே கூலியை வகுத்த கையே வரம்பையும் வகுத்தது.

இவ்வுண்மை கொல்லயில் போன்ற ஊர்களுக்குப் புதுமையன்று. விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் பல. அக்கானிக் காலம் வந்துவிட்டால் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறிப் பாளை சீவிக் கலயம் இறக்குவர். காய்ச்சலாயினும் ஒரு நாள் ஏறாவிட்டால் அன்றைய கருப்பட்டி இல்லை. அத்தொழிலை விட்டுப் பல ஆண்டுகளாகிவிட்ட முதியவர் ஒருவர் நம்மிடம் ஒருமுறை கூறினார்: “மக்களே, ஏறுறதுக்குத்தான் கூலி. இளைப்பாறுறதுக்கு யாரு கூலி தருவா?” விமானியின் வழக்கை இதனினும் தெளிவாக எடுத்துரைக்க எந்த வழக்கறிஞராலும் இயலுமோ, அறியோம்.

நம் நாட்டில் 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் விமானக் கம்பெனிகள் தேசியமயமாயின. உள்நாட்டு வழிகளுக்கு இந்தியன் ஏர்லைன்சும், அயல்நாட்டு வழிகளுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனலும் அமைந்தன. விமானி அரசுக் கூட்டுத்தாபனத்தின் ஊழியரானார். 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் உள்ள 42-ஏ விதி, தொடர்ந்த 30 நாட்களில் 125 மணிக்கு மேல் ஒருவர் விமானம் ஓட்டலாகாது என்கிறது. வரம்பு ஒன்று இருந்தது என்பது மெய். ஆயினும் அது பறந்த மணியின் கணக்கேயன்றி, உறங்கிய மணியின் கணக்கன்று.

1990களின் தொடக்கத்தில் தனியார் விமானச் சேவைகள் தோன்றின. அவை கூடுதல் ஊதியம் காட்டி அழைக்க, பழகிய விமானிகள் பலர் இந்தியன் ஏர்லைன்சை விட்டு அகன்றனர். எஞ்சியவர் தமக்கும் உயர்வு கேட்டனர். 1992 டிசம்பரில் வேலைநிறுத்தம் மூண்டது. போக்குவரத்தை நடத்துவதற்காக உஸ்பெகிஸ்தானிலிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட டுப்பொலேவ் விமானம் ஒன்று, 1993 ஜனவரி 9ஆம் நாள் ஐதராபாத்திலிருந்து வந்து தில்லியில் இறங்குகையில் கவிழ்ந்து எரிந்தது. அதிலிருந்த அனைவரும் உயிர் தப்பியது பெரும் பேறே. விமானப் போக்குவரத்து அமைச்சராயிருந்த மாதவராவ் சிந்தியா அவர்கள் பதவி விலகினார். சம்பளத் தகராறு என்று மக்கள் எளிதாகக் கூறிவிடும் ஒன்று, எங்கே போய் முடியக்கூடும் என்பதற்கு அந்நாள் ஓர் அடையாளம்.

ஓய்வு விதிகளின் கதை இதனினும் நெடியது. 1992இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. 2007இல் அதற்கு மாற்றாக, ஓய்வை மிகுவித்துப் புதிய விதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வெளியிட்டது. கம்பெனிகள் மறுப்புத் தெரிவிக்கவே, 2008இல் அவ்விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. விமானிகளின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2011 மே மாதத்தில், பழைய சுற்றறிக்கையே நடைமுறையில் இருக்கும் என முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இயக்ககம் மீண்டும் புதிய விதிகளை வகுத்தது. வாரந்தோறும் 36 மணி நேர இடைவிடா ஓய்வு அவற்றில் இடம் பெற்றது.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேதான் மங்களூர்த் துயரம் நிகழ்ந்தது. 2010 மே 22ஆம் நாள் விடியற்காலையில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. இருந்தவர் 166 பேர்; மாண்டவர் 158 பேர். அவ்விமானத்தின் தலைமை விமானி பறக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நாற்பது நிமிடம் உறங்கியதையும், உறக்கம் கலைந்தவுடன் அறிவு முழுத் தெளிவு பெறாத நிலையையும் விசாரணை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. நள்ளிரவுக்குப் பின் விடியல் வரையிலான பொழுது மனித உடல் இயல்பாகவே தளரும் பொழுது. எத்தனை மணி ஓய்வு என்பது மட்டுமன்று, எப்பொழுது வேலை என்பதும் உயிர் காக்கும் கேள்வியாயிற்று.

இதற்கிடையே 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பெயர்ப்பலகை ஒன்றாயிற்று, ஊதிய முறை இரண்டாகவே நின்றது. ஒரே கம்பெனியில், ஒரே வேலைக்கு, இரு கணக்கா என்று கேட்டு, 2011 ஏப்ரல் இறுதியில் பழைய இந்தியன் ஏர்லைன்சு விமானிகள் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். நீதியரசர் தர்மாதிகாரி அவர்களின் தலைமையில் குழு ஒன்று அமைந்தது. அடுத்த ஆண்டு, புதிய டிரீம்லைனர் விமானங்களில் பயிற்சி பெறும் உரிமை யாருக்கு என்ற பூசலில், மறுதரப்பு விமானிகள் 58 நாட்கள் பணியினின்றும் விலகி நின்றனர். அந்நாட்களில் பயணச்சீட்டுடன் காத்திருந்து அல்லலுற்றவர் எண்ணற்றோர். அவர்தம் சினத்தில் நியாயம் உண்டு. இலட்சக்கணக்கில் ஊதியம் பெறுவோர் ஏன் போராட வேண்டும் என்று ஏழை ஒருவன் கேட்டால், அக்கேள்வியை எள்ளி நகையாட நமக்கு மனம் வாராது. பயிற்சி உரிமையும் ஊதிய ஏற்றத்தாழ்வும் ஒரு வழக்கு. ஓய்வு வேறு வழக்கு. முன்னது விமானிக்கும் கம்பெனிக்கும் இடையிலானது. பின்னதில் பயணியும் ஒரு கட்சிக்காரர். இரண்டையும் ஒன்றெனக் கருதியதால், ஓய்வு கேட்ட குரலும் கூலி கேட்ட குரலாகவே பலர் செவியில் விழுந்தது.

கேரளத்திலேயே இன்னொரு சான்று உண்டு. 2020 ஆகஸ்டு 7ஆம் நாள், கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி வீழ்ந்து 21 பேர் உயிரிழந்தனர். ஓட்டி வந்த இரு விமானிகளும் அவருள் அடங்குவர். வேறு விமான நிலையத்திற்குத் திருப்பாமல் அங்கேயே இறங்க முற்பட்டதற்கு, மறுநாள் காலை விமானத்தையும் தாமே ஓட்ட வேண்டியிருந்த நிலை தலைமை விமானியின் மனத்தை உந்தியது என்றும், அத்தளத்தில் போதிய தலைமை விமானிகள் இல்லாமை நிர்வாகக் கொள்கையின் குறை என்றும் புலனாய்வு அறிக்கை குறித்தது. காகிதத்தில் எழுதப்படும் பணிப்பட்டியல் மழையிருளில் ஒருவரின் கையைப் பிடித்து இழுக்க வல்லது என்பதை அவ்வறிக்கை காட்டுகிறது.

அவ்வாண்டிலேயே வேறொரு பாடமும் கிடைத்தது. பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சு 25 முதல் மே 25 வரை உள்நாட்டு விமானங்கள் நின்றன. பறக்கும் மணிக்கான படியை நம்பியிருந்த விமானிகளின் வருவாய் சுருங்கியது. மழைக்காலத்துப் பனையேறியின் நிலை அவர்களுக்கும் வந்துற்றது.

2024 ஜனவரியில் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று; இரவு என்பது நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை என நீண்டது; இரவில் இறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. கம்பெனிகள் அவகாசம் கேட்க, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டமாக அவை நடைமுறைக்கு வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் இரத்தாயின. 5ஆம் நாள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். விதிக்கேற்ற எண்ணிக்கையில் விமானிகளை முன்கூட்டியே ஆயத்தம் செய்யாமையே பெருங்காரணமாகக் கூறப்பட்டது. அரசாங்கம் அந்நிறுவனத்திற்குச் சில இரவு விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்களித்தது. 2008இல் நிகழ்ந்ததன் சாயலை இதில் காண்கிறோம். நெருக்கடி நேர்கையில் முதலில் தளர்த்தப்படுவது உறங்கும் உரிமையே.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு சொல் நெடுநாளாக இடர் தருகிறது. டியூட்டி என்பதைப் பணி எனவும் எழுதலாம், கடமை எனவும் எழுதலாம். பணி என்றால் அதற்கு நேரமும் கூலியும் முடிவும் உண்டு. கடமை என்றால் முடிவில்லை. ஊழியர்கள் அதைப் பணி என்றும், அவர்களைத் திரும்ப அழைக்கும் ஆணைகள் அதைக் கடமை என்றும் கொள்ளுகின்றன. பயணியின் உயிரைக் காப்பது விமானியின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கடமையைச் செய்வதற்குரிய தெளிந்த கண்ணையும் அறிவையும் அவருக்கு அளிப்பது, பணியை வரையறுக்கும் விதியே. எனவே விமானியின் ஓய்வு, விமானிக்கு நாம் இடும் சலுகையன்று. பயணி தமக்குத் தாமே செய்துகொள்ளும் காப்பு.

1932இல் ஒரு சிறு விமானத்துடன் தொடங்கிய டாட்டா நிறுவனத்திடமே 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டது. உடைமை கைமாறிக்கொண்டேயிருக்கும். ஓட்டுபவரின் உடலோ மாறுவதில்லை. அதற்கு இரவில் உறக்கம் வேண்டும். நேயர்களே, விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது விமானம் தாமதமாயின் நாம் சினங்கொள்வது இயல்பு. ஓட்டுபவரின் பணி நேரம் முடிந்துவிட்டது, மாற்று விமானி வரவேண்டும் என்று அறிவிப்புக் கேட்டால் மட்டும், அச்சினத்தைச் சற்று ஆற்றிக்கொள்வோமாக. கொல்லயிலில் விளக்கை அணைக்காமல் காத்திருக்கும் தாய்க்கு, மகன் இரண்டு மணி பிந்தி வருவது பொறுக்கும்; வந்து சேர்வதே அவளுக்கு வேண்டும்.